பிறர் வீட்டுக் குழந்தை

ஜப்பான் நாட்டில் நூற்றுக்கு ஒருவர்கூடக் கத்தோலிக்கர் இல்லை. ஆயினும் கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் நடைபெறும் மழலையர் பள்ளிகள் அந்நாட்டில் நூற்றுக்கணக்கில் உள்ளன. பங்குக் கோவிலை ஒட்டியோ கன்னியர் மடத்தை ஒட்டியோ அமைந்த அப்பள்ளிகளில் மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் படிக்கின்றனர். படிக்கின்றனர் என்பதைவிட, பாடுகின்றனர், மண்ணில் விளையாடுகின்றனர், தாம் கழற்றிய காலணியைத் தாமே அடுக்கி வைக்கக் கற்கின்றனர் என்பதே பொருத்தம். அவர்களுள் பெரும்பாலோர் பௌத்த, ஷிந்தோ மரபுகளில் வாழும் குடும்பத்துப் பிள்ளைகள். கனிவும் ஒழுங்கும் அங்குக் கிடைக்கும் என்று நம்பியே பெற்றோர் அவர்களை அனுப்புகின்றனர். விசுவாசத்தை நாடி அன்று.

காலையில் இக்குழந்தைகள் சிலுவை அடையாளம் வரைகின்றனர். மதிய உணவுப் பெட்டியைத் திறக்கும் முன் கைகூப்பிச் செபிக்கின்றனர். டிசம்பரில் கிறிஸ்து பிறப்பு நாடகம் நடிக்கின்றனர். மரியாவாக நீல முக்காடு அணிந்து நிற்கும் சிறுமியின் வீட்டில் பௌத்த வழிபாட்டு மாடம் இருக்கும். சென்ற மாதம்தான், நவம்பர் 15ஆம் நாளை ஒட்டி, மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குரிய விழாவுக்காக, அவளைக் கிமோனோ உடுத்தி ஷிந்தோ ஆலயத்திற்கு அழைத்துச் சென்றிருப்பார்கள். அவளுக்கு இதில் முரண்பாடு ஏதுமில்லை. முரண்பாடு எங்களுக்குத்தான்.

அத்தகைய பள்ளி ஒன்றில் நான் சில ஆண்டுகள் பணியாற்றினேன். பிறர் வீட்டுக் குழந்தைக்கு நம் விசுவாசத்தைப் பற்றி எவ்வளவு சொல்லலாம், எந்த உரிமையில் சொல்லலாம் என்ற கேள்வி அங்கே என்னைப் பற்றிக்கொண்டது. அதை என்னுள் எழுப்பியது என் தவறு ஒன்று. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தானியேல் நூலின் இறுதியில் பேல் என்னும் சிலையின் கதை வருகிறது. சிலைக்கு முன் நாள்தோறும் படைக்கப்படும் உணவைச் சிலையே உண்கிறது என்று அரசன் நம்புகிறான். தானியேல் கோவில் தரையில் சாம்பலைத் தூவி வைக்கிறார். மறுநாள் சாம்பலில் காலடித் தடங்கள்! இரவில் இரகசிய வழியாக வந்து உண்டவர்கள் குருக்களும் அவர்தம் மனைவி மக்களும். நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுவையான கதை எது? காகிதத்தில் கால் வடிவங்களை வெட்டி, வகுப்பறைத் தரையில் மாவு தூவி, நடித்தே காட்டினேன். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தனர். அன்று மாலை என் திறமையில் எனக்கே சிறு பெருமிதம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு குழந்தையின் பாட்டி பள்ளிக்கு வந்தார். அக்குழந்தையின் தாத்தா முந்தைய இலையுதிர் காலத்தில் இறந்துவிட்டிருந்தார். ஜப்பானிய இல்லங்களில் இறந்தோரின் நினைவாகப் புட்சுதான் எனப்படும் மாடம் உண்டு. காலையில் ஆக்கிய சோற்றின் முதல் கரண்டியைச் சிறு கிண்ணத்தில் இட்டு அதன்முன் வைப்பார்கள். ஊதுவத்தி ஏற்றி, சிறு மணியைத் தட்டி, கைகூப்புவார்கள். அந்த வீட்டில் சோற்றுக் கிண்ணத்தை வைப்பது இந்தக் குழந்தையின் வேலை. அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஊதுவத்திச் சாம்பலை எடுத்து மாடத்தின் முன் பாய்மீது தூவி வைத்துவிட்டு உறங்கப் போயிருக்கிறாள். விடிந்ததும் ஓடிவந்து பார்த்தாள். சோறு அப்படியே இருந்தது. காலடித் தடம் ஏதுமில்லை. தாத்தா வரவில்லை, தாத்தா இங்கே இல்லை என்று பாட்டியிடம் அறிவித்தாள். மறுநாள் கிண்ணத்தை வைக்க மறுத்துவிட்டாள்.

பாட்டி என்னைக் குறை கூறவில்லை. வந்தவுடன் இடுப்பு வளைய வணங்கினார். குழந்தை பள்ளியில் தொந்தரவு தருகிறாளோ என்று மன்னிப்புக் கேட்டார். நடந்ததை வேடிக்கை போலவே சொன்னார். பிறகு, தம் கணவர் வரமாட்டார் என்று பேத்தி சொல்லும்போது அவளுக்கு என்ன மறுமொழி சொல்வதென்று தமக்குத் தெரியவில்லை என்றும், நீங்கள் கற்றவர், சொல்லித் தாருங்கள் என்றும் கேட்டார். அதில் குத்தல் ஏதுமில்லை. உண்மையாகவே கேட்டார். என்னால் ஒரு சொல்லும் பேச இயலவில்லை.

நீ பொய் சொல்லவில்லையே, விவிலியத்தில் உள்ளதைத்தானே சொன்னாய் என்று ஒரு மூத்த சகோதரி எனக்கு ஆறுதல் கூறினார். நானும் சில நாள் அந்த ஆறுதலில் ஒதுங்கிப் பார்த்தேன், அது தாங்கவில்லை. தானியேல் யாரிடம் பேசினார்? ஓர் அரசனிடம். எங்கே பேசினார்? சிறைபட்டு வந்த அந்நிய நாட்டில். அவர் சொல் பொய்யானால் அவர் உயிர் போகும். என் வகுப்பறையிலோ இழப்பதற்கு எனக்கு எதுவுமில்லை. அந்த அறையில் வலியவள் நான். வானம் நீலம் என்று நான் சொன்னாலும், பச்சை என்று சொன்னாலும் நம்பும் இருபத்தைந்து பேர் என் முன் அமர்ந்திருந்தனர். தானியேலின் சொற்களை நான் கடன் வாங்கினேன். அவருடைய துணிவுக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

இவ்விடத்தில் நம் சவேரியாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தெருவில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார் என்பதை நம் கடலோரப் பங்குகளில் அறியாதார் இல்லை. 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய மடலில் அச்சிறுவர்களைப் பற்றி மகிழ்ந்து பேசுகிறார். தம் பெற்றோர் சிலை வணக்கம் செய்யக் கண்டால் அவர்களையே கடிந்துகொண்டு, தம்மிடம் வந்து சொல்கிறார்கள் என்றும், அவர்களை அழைத்துக்கொண்டு போய்ச் சிலைகளை உடைக்கச் செய்ததாகவும் எழுதுகிறார். அப்பெற்றோரும் திருமுழுக்குப் பெற்றவர்களே என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லையேல் புனிதருக்கு அநீதி செய்தவளாவேன். ஆயினும் இளமையில் என்னைப் பூரிக்கச் செய்த அம்மடல், பாட்டி வந்துபோன பின் வேறொன்றாய் ஒலித்தது. தாயைக் கடியும் அச்சிறுவனை மட்டுமே அதுவரை நான் கண்டிருந்தேன். கடியப்பட்ட தாயை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

நம் மறைவல்லுநருள் தலைசிறந்தவரான புனித தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இக்கேள்வியை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். பிற சமயத்தாரின் குழந்தைகளுக்கு அவர்தம் பெற்றோர் விருப்பத்திற்கு மாறாகத் திருமுழுக்குக் கொடுக்கலாமா? கூடாது என்கிறார். அவர் கூறும் காரணம் வியப்புக்குரியது. பிறக்கும் முன் குழந்தை தாயின் கருப்பையில் இருப்பதுபோல, பகுத்தறியும் பருவம் வரும்வரை பெற்றோரின் பராமரிப்பு என்னும் ஆன்மிகக் கருப்பையில் அது இருக்கிறது. அதிலிருந்து அதைப் பிரிப்பது இயற்கை நீதிக்கே முரண் என்கிறார். நான் யாருக்கும் திருமுழுக்குக் கொடுக்கவில்லை. ஒரு கதைதான் சொன்னேன். ஆனால் அந்தக் கருப்பையில் ஒரு கீறல் விழுந்தது கதையால்தான்.

அப்படியானால் வாய்மூடி இருப்பதுதான் வழியா? இதையும் நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் பள்ளி தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. வாசலில் மாதா சுரூபம் நிற்கிறது. செபம் உண்டு, விவிலியக் கதை உண்டு என்று சேர்க்கையின்போதே பெற்றோருக்குச் சொல்லப்படுகிறது. அவர்கள் அறிந்தே அனுப்புகின்றனர். இதில் வஞ்சகமில்லை. வெளிப்படையாகச் செபிக்கும் ஒருத்தியின் அருகில் வளர்வது எந்தக் குழந்தைக்கும் தீங்கன்று. ஆண்டவரே தம் பொருட்டு மகள் தாய்க்கு எதிராக நிற்க நேரும் என்று கூறியிருக்கிறாரே என்று வாசகர் கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால் அது தன் வாழ்வைத் தானே கையிலெடுத்துத் தெரிவு செய்யும் மனிதருக்குச் சொல்லப்பட்டது. நான்கு வயதுக் குழந்தை தெரிவு செய்வதில்லை, கீழ்ப்படிகிறது. பாட்டிக்குக் கீழ்ப்படிந்து சோறு வைத்தவள், எனக்குக் கீழ்ப்படிந்து வைக்க மறுத்தாள். இடையில் கிறிஸ்துவை அவள் எங்கே சந்தித்தாள்? என் அதிகாரத்தைத்தான் சந்தித்தாள். அதை விசுவாசம் என்று நான் கணக்கெழுதிக்கொள்ள முடியாது.

என்னுடன் பணியாற்றிய இளம் ஆசிரியை திருமுழுக்குப் பெறாதவர். அத்தகைய பள்ளிகளில் இது புதிதன்று. அவரும் குழந்தைகளோடு கைகூப்பிச் செபம் சொல்வார். இது பொய்யாகாதா என்று தொடக்கத்தில் எனக்கு உறுத்தல். ஒருநாள் ஒரு பையன் அவரிடம், கடவுள் எங்கே இருக்கிறார் என்று கேட்டான். தமக்கு இன்னும் தெரியவில்லை என்றும், சிஸ்டர் அறிந்ததாகச் சொல்கிறார், அவரிடம் போய்க் கேட்போம் என்றும் அவர் மறுமொழி கூறினார். தம் கையிலிருந்ததற்கு மேல் ஒரு காசும் அவர் செலவிடவில்லை. நானோ, இறந்துபோன ஒரு முதியவர் எங்கே இருக்கிறார், எங்கே இல்லை என்பது வரைக்கும் ஒரு கதையால் தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தேன்.

அந்தத் தீர்ப்பின் சுமையைச் சவேரியாரும் பின்னாளில் உணர்ந்தார் போலும். அவர் ககோஷிமாவில் கரையிறங்கியது 1549 ஆகஸ்ட் 15இல். பிறகு யமகுச்சியில் அவரிடம் திருமுழுக்குப் பெற்ற மக்கள், நற்செய்தியை அறியாமல் இறந்துபோன தம் தாய் தந்தையரை நினைத்து அழுதனர். அவர்களுக்கு மீட்பில்லையா, செபத்தாலும் உதவ முடியாதா என்று கேட்டனர். அக்கால இறையியல் அவர் கையில் தந்த மறுமொழி, முடியாது என்பதே. அவ்வாறே சொன்னார். சொல்லிவிட்டு, தம் அன்புக்குரியவர்கள் தீர்வில்லாத ஒன்றுக்காக அழுவதைக் கண்டு தமக்கும் துயரம் பெருகியதாக 1552 சனவரியில் எழுதினார். முத்துக்குளித்துறை மடலுக்கும் இதற்கும் இடையில் எட்டே ஆண்டுகள். முதல் மடலில் பெற்றோரைக் கடியும் பிள்ளைகள். இதில் பெற்றோருக்காக அழும் பிள்ளைகள். அவர் காலத்தில் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்திருந்தது. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சாட்சியின் வழி நடப்போர் மீட்படையக்கூடும் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கிவிட்டது. அதைப் படித்துத் தேர்வெழுதித் தேறியவள் நான். வகுப்பறையில் மாவு தூவியபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

மன்னிப்புக் கேட்க அந்த வீட்டுக்குச் சென்றேன். புட்சுதான் இருந்த அறையிலேயே பாட்டி என்னை அமர்த்தினார். நிழற்படத்தில் தாத்தா தொப்பியணிந்து சிரித்துக்கொண்டிருந்தார். பிறர் இல்லத்து மாடத்தின்முன் இறந்தவரை நினைந்து தலைவணங்குவதைப் பற்றி ஜப்பானிய ஆயர்கள் 1985இல் பொதுநிலையினருக்குத் தந்த கையேட்டை நான் அறிந்திருந்தேன். ஆகவே தயக்கமின்றி வணங்கினேன். நம் ஊரில் கல்லறைத் திருநாளன்று சொல்வது போலவே, அவருக்கு நித்திய இளைப்பாற்றி கிடைக்க வேண்டினேன். குழந்தை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளிடம் பேசினேன். நான் சொன்ன கதை வெகுகாலத்துக்கு முன் வேறொரு நாட்டில் ஓர் அரசனுக்கு நிகழ்ந்தது. உன் தாத்தாவைப் பற்றியதன்று. அவரைப் பற்றிச் சிஸ்டர் எதுவும் சொல்லவில்லை என்றேன். அப்படியென்றால் தாத்தா சோறு சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். குழந்தைகள் நம்மை எளிதில் விடுவதில்லை. எனக்குத் தெரியாது என்றேன். நான் இயேசுவிடம் பேசுகிறேன். உன் தாத்தாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படி இப்போதுதான் அவரிடம் கேட்டேன். பாட்டி சோறு வைப்பது தாத்தாமீது கொண்ட அன்பினால் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்றேன். அவள் சற்று யோசித்தாள். தாத்தாவுக்கு ஊறுகாயும் பிடிக்கும் என்றாள்.

மாடத்தில் வைத்த சோற்றை வீணாக்குவதில்லை. இறக்கி வீட்டாரே உண்பர். அன்று பாட்டி அந்தச் சிறு கிண்ணத்தை இறக்கி, ஆறிவிட்டது என்று சொல்லி, அடுக்களையிலிருந்து இன்னும் சிறிது சோறு கொண்டுவந்து சேர்த்து, சூடான தேநீர் ஊற்றி மூன்று கிண்ணங்களில் பகிர்ந்தார். சிலைகளுக்குப் படைத்ததை உண்பது பற்றிப் பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதியதெல்லாம் அந்நேரத்தில் என் நினைவில் ஓடியது. சிலை ஒன்றுமில்லை என்னும் அறிவு உடையவர்கள், அந்த அறிவைக் கொண்டே எளிய உள்ளம் ஒன்றைப் புண்படுத்திவிடக் கூடும் என்று அவர் அங்கே எச்சரிக்கிறார். அன்று நான் செய்ததை அவர் ஏற்றிருப்பாரா என்பதை மறைநூல் வல்லுநர்கள் கூறட்டும். குழந்தை தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். நான் என் பங்கை உண்டேன்.