பேருந்தும் அடுத்திருப்பவரும்

தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று திருச்சட்ட அறிஞர் ஒருவர் இயேசுவிடம் வினவினார். ஆண்டவர் அதற்கு இலக்கணம் எதுவும் கூறவில்லை; ஒரு சாலையைக் காட்டினார். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிச் செல்லும் அச்சாலையில் குரு வந்தார், லேவியர் வந்தார், சமாரியர் வந்தார். அடிபட்டுக் கிடந்தவரை மூவருமே கண்டனர். முதல் இருவரும் ஒதுங்கி நடந்தனர். மூன்றாமவர் நெருங்கி வந்தார். அன்பு மனத்தில் எழும் இரக்கத்தோடு நின்றுவிடுவதில்லை, நம் கால்கள் எந்தப் பக்கம் நடக்கின்றன என்பதிலும் அது அடங்கியுள்ளது என்பதே இவ்வுவமை புகட்டும் பாடம். சாலையில் ஒதுங்குவதும் அறநெறிச் செயல்; நெருங்குவதும் அறநெறிச் செயல்.

இவ்வுண்மையை உள்ளத்திற்கொண்டு நம் காலத்துச் சாலை ஒன்றைச் சற்றே நோக்குவோம்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில், சோழிங்கநல்லூரையும் செம்மஞ்சேரியையும் கடந்தால் வருவது நாவலூர். ஒரு தலைமுறைக்கு முன்வரை வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூர் அது. ஊருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அக்கால்வாய் வழியே சென்னைக்குச் சென்ற காலம் உண்டு. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதியை வெட்டியவர்கள், 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்த ஏழைகள். பிறர் செல்லும் வழியை ஏழைகளே அமைக்கின்றனர் என்பதற்கு அக்கால்வாய் ஒரு சான்று எனலாம்.

பழைய சாலை 2008இல் ஆறு வழிச் சாலையாக விரிந்தது. இராஜீவ் காந்தி சாலை என்ற பெயரும் பெற்றது. கணினி நிறுவனங்கள் எழுந்தன. அடுக்குமாடிக் குடியிருப்புகள் வானளாவ உயர்ந்தன. நாவலூர்ச் சுங்கச்சாவடியில் கட்டணம் வாங்குவது 2023 அக்டோபர் 19 முதல் நிறுத்தப்பட்டது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கி.மீ.க்கும் மேல் நீளும் மெட்ரோ இரயில் பாதையின் திட்டத்தில் நாவலூருக்கும் ஒரு நிலையம் உண்டு.

ஆயினும், நாள்தோறும் காலையில் இச்சாலையில் செல்லும் மக்களைக் கூர்ந்து நோக்கினால், மூன்று உலகங்கள் ஒன்றையொன்று தொடாமல் செல்வதைக் காணலாம். ஒன்று, குளிரூட்டப்பட்ட நிறுவனப் பேருந்துகளில் செல்வோரின் உலகம். மற்றொன்று, பெரும்பாலும் ஒருவரை மட்டுமே சுமந்து செல்லும் கார்களின் உலகம். மூன்றாவது மாநகரப் பேருந்து. கேளம்பாக்கம் நோக்கிச் செல்லும் 102, 570 ஆகிய பேருந்துகளில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள், காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், கட்டடத் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர் எனப் பலரும் நெருக்கியடித்து நிற்கின்றனர். மூவகையினரும் செல்வது ஒரே சாலையில். பலர் சென்று சேர்வதும் ஒரே கட்டடத்திற்கு. கணினிமுன் அமர்பவரும் அம்மேசையைத் துடைப்பவரும் ஒரே வாயிலில் நுழைகின்றனர். ஆனால் வழியில் ஒருவருக்கொருவர் அடுத்திருப்பவர் ஆவதில்லை.

மூன்றாவது உலகத்தினர் இங்கு எவ்வாறு வந்தனர்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் இச்சாலையை ஒட்டியே உள்ளன. சென்னையின் ஆற்றங்கரைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் வாழ்ந்தோர், 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலம் தொட்டுப் படிப்படியாக இங்குக் கொண்டுவரப்பட்டனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மீனவக் குடும்பங்கள் பலவும் செம்மஞ்சேரியில் குடியேற்றப்பட்டன. நகரம் அழகுபெற வேண்டும், ஆறு தூய்மையாக வேண்டும் என்பனவே இதற்குக் கூறப்பட்ட காரணங்கள். வீடு கிடைத்தது, உண்மையே. ஆனால் பிழைப்பு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டது. பிறர் நன்மைக்காகத் தொலைவைச் சுமந்தவர்கள் இவர்கள். அத்தொலைவை நாள்தோறும் கடக்க இவர்களுக்கு இருந்த வழி பேருந்துதான்.

2021 மே 8 முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். இதனை ‘ஓசிப் பயணம்’ என்று ஏளனம் செய்வோர் நம்மிடையேயும் உண்டு. இங்கேதான் அறநெறி வினா எழுகிறது: இது பிச்சையா, நீதியா? அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு வழங்கும் நிலையான மனத்திண்மையே நீதி என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பித்தார். ஏழைக்கு நாம் கொடுப்பது நம்முடையதன்று, அவருக்குரியதையே திருப்பித் தருகிறோம் என்பது புனித அம்புரோசியாரின் போதனை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் வெளியிட்ட தம் சுற்றுமடலில் அதனை நினைவூட்டினார். நகரத்தின் வசதிக்காக ஊரின் விளிம்புக்கு அனுப்பப்பட்ட பெண், வேலைக்குச் சென்று திரும்பும் வழியை அந்நகரத்திடம் கேட்பது இரந்து நிற்பதாகாது. அது கடனைக் கேட்பது.

செல்வம் மிக்க நாடுகளும் இதனை அறியாதவை அல்ல. நம் பங்குகளில் பல குடும்பங்களின் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் வாழ்கின்றனர். அங்குள்ள மெல்பர்ன் நகரில், 1895 முதல் 1953 வரை நம் சென்னையிலும் ஓடிய டிராம் வண்டிகள் இன்றும் ஏறத்தாழ 250 கி.மீ. பாதையில் ஓடுகின்றன. 2015 சனவரி முதல் அந்நகரின் மையப் பகுதிக்குள் எவரும் கட்டணமின்றி டிராமில் செல்லலாம். உயர் ஊதியம் பெறும் அலுவலரும் அவ்வாறே செல்கிறார். அவர் பெறும்போது ‘நகர வசதி’, நம் வீட்டுப் பணிப்பெண் பெறும்போது ‘ஓசி’ என்றால், பழுது பயணச்சீட்டில் இல்லை. நம் பார்வையில் உள்ளது.

“உழைத்துச் சேர்த்த பணத்தில் கார் வாங்கினோம், அதில் பாவம் என்ன?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், கைக்குழந்தையோடு இரவில் திரும்பவும் கார் தேவைப்படும். மாநகரப் பேருந்தின் இடர்களும் சிறியவை அல்ல: நெரிசல், படிக்கட்டில் தொங்கும் ஆபத்து, பெண்களுக்கு நேரும் சீண்டல்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலின் 153ஆம் பத்தி நகரப் போக்குவரத்தைப் பற்றியே பேசுகிறது. பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்ற கருத்தை எடுத்துரைக்கும் அவர், நெரிசலாலும் வசதிக்குறைவாலும் அதில் செல்வோர் படும் இழிவையும் மறைக்கவில்லை. அவர் எழுதியது ஏட்டறிவினால் அன்று. புவனஸ் அயர்ஸ் பேராயராக இருந்த காலத்தில் பேருந்திலும் சுரங்க இரயிலிலும் சென்றவர் அவர்.

எனவே காரில் செல்வதே பாவம் என்பதன்று நம் வாதம். நாம் கருதுவது வேறு. பேச்சுத் திறனும் செல்வாக்கும் உடையோர் பேருந்தை விட்டு விலகும்போது, பேருந்துக்காகப் பேசுவோரும் இல்லாது போகின்றனர். நிறுத்தத்தில் கூரை இல்லை. நாம் அங்கு நிற்பதில்லை, ஆகவே நமக்குத் தெரிவதில்லை. கடைசிப் பேருந்து வரவில்லை. நாம் அதற்குக் காத்திருப்பதில்லை, ஆகவே எவருக்கும் மனு எழுதுவதில்லை. மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியதற்குப் பின்னே, மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம்வரை சென்று நடத்திய நெடும் போராட்டம் உண்டு. நம்மில் எத்தனைபேர் அவர்களோடு நின்றோம்? குருவும் லேவியரும் கண்டபின் விலகினர். நாமோ காணவே தேவையில்லாதபடி விலகும் வழியை அமைத்துக்கொண்டோம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும், மனச்சான்றும் உறுத்துவதில்லை.

நல்ல வண்டிகள் வந்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று எண்ணுவதும் தவறு. மெல்பர்ன் டிராம்களிலிருந்து 1990களில் நடத்துநர்கள் நீக்கப்பட்டனர். பயணச்சீட்டு இயந்திரங்கள் அவர்கள் இடத்தைப் பிடித்தன. முதியவரைக் கைதூக்கி ஏற்றவும் வழிதெரியாதவருக்கு வழிசொல்லவும் இருந்த ஒரு மனிதர் மறைந்தார். நம் நடத்துநர்களோ இன்றும் நெரிசலுக்குள் புகுந்து, சில்லறைக்கும் சினத்திற்கும் நடுவே பணியாற்றுகின்றனர். எனினும் அந்நாட்டிடம் நாம் கற்கத்தக்க பழக்கம் ஒன்று உண்டு: பேருந்தை விட்டு இறங்கும்போது பயணிகள் ஓட்டுநருக்கு நன்றி கூறுகின்றனர். நம்மில் எத்தனைபேர் இதைச் செய்கிறோம்?

மெட்ரோ இரயில் நாவலூர் வழியே ஓடும் நாள் வரும். குளிர்ந்த பெட்டிகளில் நாம் ஏறிக்கொண்டு, கட்டணம் தர இயலாதோரைப் பழைய பேருந்திலேயே விட்டுவிடுவோமாயின், நான்காவதாக மற்றோர் உலகத்தையே படைத்தவர்களாவோம். அதுவரை காத்திராமல் இன்றே செய்யத்தக்கவை சில உண்டு. மாலைத் திருப்பலியும் பங்குக் கூட்டங்களும் முடியும் நேரம், பேருந்தில் வீடு திரும்புவோருக்கு ஏற்றதா என்று பங்குப் பேரவைகள் ஆராயட்டும். கோவில் வளாகத்தில் கார் நிறுத்த இடம் தேடும் நாம், வெளியே உள்ள நிறுத்தத்திற்குக் கூரை கேட்டு ஊராட்சிக்கு ஒரு மனு எழுதுவோம். நம் இல்லத்தில் வேலை செய்யும் அம்மாள் தாமதமாக வரும் நாளில், முகம் சுளிக்குமுன், அவருக்குப் பேருந்து எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று கேட்போம். இயன்றவர்கள் வாரத்தில் ஒரு நாளேனும் பேருந்தில் செல்வோம்; ஏழைகளைப் பார்வையிட அன்று, அவர்களோடு காத்திருக்க.

தமக்கு அடுத்திருப்பவர் யார் எனக் கேட்டவரிடம், அடிபட்டவருக்கு அடுத்திருப்பவராய் ஆனவர் யார் என்று ஆண்டவர் திருப்பிக் கேட்டார். அச்சொல்லை நம் தாய்மொழியில் படிக்கும் பேறு பெற்ற நாம் ஒன்றை எளிதில் உணரலாம். அடுத்து இருந்தால்தான் அடுத்திருப்பவர். அந்த இடத்தில் சென்று அமர்வதா, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரைவதா என்று முடிவுசெய்ய வேண்டியவர்கள் நாம்.