ஆலை வாசலுக்கு வெளியே

மரக்காணம் உப்பளத்தில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறி உப்பு கண்ணைக் கூசவைப்பதற்குள் பாத்தியில் விளைந்ததை வாரி வரப்பில் ஏற்றியாக வேண்டும். வடகிழக்கு மழை இறங்கினால் பருவம் முடிந்தது. அடுத்த சில மாதங்களுக்குக் கூலி கிடையாது. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. எட்டு மணி நேர வேலைக்காக உயிர்விட்ட பஞ்சாலைத் தொழிலாளர்களையும், அவர்களை வழிநடத்திய வ. சுப்பையாவையும் அந்த ஊர் ஆண்டுதோறும் ஜூலை 30-ல் நினைவுகூர்கிறது.

1936-ல் நடந்தது அது. சங்கம் வைக்கும் உரிமை, வேலை நேரக் குறைப்பு, நியாயமான கூலி ஆகியவற்றைக் கேட்டுப் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் போராடிவந்தார்கள். சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பிரெஞ்சு நிர்வாகத்தின் படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 பேர் இறந்தார்கள். அந்த நாளில் பாரிஸில் ஆட்சியிலிருந்தது லியோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு. தன் நாட்டுத் தொழிலாளிக்கு வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை என்று அது சட்டம் இயற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காலனியில் மட்டும் குண்டு பேசியது. 1937-ல் பிரெஞ்சிந்தியாவுக்கு எட்டு மணி நேரச் சட்டம் வந்தது. பக்கத்திலேயே, பிரிட்டிஷ் இந்தியாவில், 1934-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு நாளைக்கு 10 மணி நேரம் வேலை வாங்கலாம்.

சுப்பையாவின் பாதை அங்கே நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் பாரிஸ் மேலவைக்குப் போனார். 1969-ல் ஃபரூக் தலைமையில் தி.மு.க.வும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்து அமைத்த புதுச்சேரி அமைச்சரவையில் இடம்பெற்றார். தன் தோழர்களைச் சுட்ட அரசின் அவையில் ஒரு தொழிற்சங்கத் தலைவர் போய் உட்காரலாமா? கூட்டணிக் கணக்குப் போட்டு அமைச்சராகலாமா? அவரை நினைவுகூர்பவர்களில் பலர் இந்தக் கேள்விகளைத் தொடுவதில்லை. ஆலை வாசலில் நின்ற சுப்பையாவுக்கு மாலை விழுகிறது. அமைச்சர் சுப்பையா ஒரு வரியில் முடிந்துபோகிறார்.

இந்தக் கூறுபோடல் அவருக்கு நியாயம் செய்வதில்லை. வேலைநிறுத்தம் ஒரு முதலாளியைப் பணியவைக்கும். ஆனால் அந்தப் பணிவு அடுத்த தலைமுறைக்கும் செல்லுபடியாக வேண்டுமென்றால் எங்கோ ஓர் ஆணையில் கையெழுத்து விழுந்தாக வேண்டும். 1937-ல் ஈட்டியதே அப்படிப்பட்ட கையெழுத்துதான். அந்தப் பேனா இருக்கும் அறைக்குள் தொழிலாளியின் ஆள் நுழைவதைத் துரோகம் என்று சொல்ல முடியாது. உள்ளே போனபின் அவர் யாருக்குப் பதில் சொன்னார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இலங்கையில் சௌமியமூர்த்தி தொண்டமான் மீது இந்தக் கேள்வி இன்னும் கடுமையாக விழுந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவராக இருந்துகொண்டே 1978-ல் ஜெயவர்தன அரசில் அமைச்சரானார். 1983 ஜூலையில் தமிழர்கள் கொல்லப்பட்ட பிறகும் பதவியை விடவில்லை. அந்த வலியை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது பொய். அதே தொண்டமான்தான் 1986 ஜனவரியில், அமைச்சராக இருக்கும்போதே, குடியுரிமை கேட்டுத் தோட்டத் தொழிலாளர்களைப் பிரார்த்தனைப் போராட்டத்தில் இறக்கினார். நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அதே ஆண்டு நிறைவேறியது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் துணிவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

தொழிற்சங்கத் தலைவர் சந்தா கட்டியவருக்குக் கடமைப்பட்டவர். அரசியலுக்கு வந்ததும் சந்தா கட்ட வாய்ப்பே இல்லாதவருக்கும் கடன்படுகிறார். மரக்காணத்து உப்பளத் தொழிலாளி அப்படிப்பட்டவர். உப்பளத்துக்கு ஆலையைப் போல வாசல் கிடையாது, சங்கு கிடையாது. பருவத்துக்கு வந்து பருவத்தோடு கலையும் கூட்டம், அதில் பெரும்பகுதி பெண்கள். அவர்களைத் திரட்டுவது பஞ்சாலையைத் திரட்டுவதைவிடப் பல மடங்கு கடினம். போதாக்குறைக்கு, உப்பு அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 58-வது இனம். கேட்கப் போனால் மாநிலம் டெல்லியைக் காட்டும், டெல்லி மாநிலத்தைக் காட்டும். இந்த இழுபறியை உடைத்துப் பேச, இரண்டு பக்கமும் தெரிந்த ஓர் அரசியல்வாதி வேண்டும்.

மரக்காணம் சுப்பையாவின் எல்லைக்குள் இருந்ததில்லை என்பது உண்மை. அவர் இருந்த புதுச்சேரி அமைச்சரவையின் ஆணை, தமிழக எல்லை தொடங்கும் கோட்டக்குப்பத்துக்கு இந்தப் பக்கம் செல்லாது. ஆகவே இங்கே நிற்கும் கடன் அவருடையதல்ல, அவர் பெயரைச் சொல்லி மேடை ஏறுகிறவர்களுடையது.

2022-ல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் அது நிவாரணமாக வந்ததே தவிர உரிமையாக வரவில்லை. நிதி நெருக்கடி வந்தால் ஓர் அரசு அதைக் குறைக்கலாம், நிறுத்தலாம், யாரும் நீதிமன்றப் படி ஏற வழியில்லை. மழைமாத வருமானத்தையும், பாத்தியோரம் குடிதண்ணீரையும் நிழலையும் கழிப்பறையையும் சட்டத்தின் வாசகமாக எழுதித்தர வேண்டும் என்று ஜூலை 30 மேடையிலிருந்து கேட்கலாம். கேட்பவர்களில் தமிழகச் சட்டமன்ற உறுப்பினர்களும் இருந்தால், அடுத்த கூட்டத்தொடரில் அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரவும் அவர்களுக்கு வழியிருக்கிறது.