ஏவலிற் சென்றார்க்கு வீரம் உண்டோ?

தலைவன் ஏவியவழி ஒருவன் உயிர்க்கு அஞ்சாது வினையாற்றினானாயின், அது செய்தவனது வீரமோ, ஏவினான் ஆணையின் பயனோ என்பது ஆராயற்பாலது. ஏவல்வழி நிற்றல் ஊதியம் பெறுவானது கடமையேயாம், தானே விரும்பிச் செய்வதே வீரமாம் என்பர் ஒருசாரார். இக்கூற்று பொருந்துமா என்பதை, நிகழ்ந்ததொன்று கொண்டு நோக்குவாம்.

1952-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள், அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் கரைக்கு அப்பால், பெண்டில்டன் என்னும் எண்ணெய்க் கப்பல் புயலில் இரு கூறாகப் பிளந்தது. முற்கூற்றிலிருந்த தலைவர் உள்ளிட்ட எண்மர் மாண்டனர். பிற்கூற்றில் 33 பேர் உயிரோடிருந்தனர். அன்றே போர்ட் மெர்சர் என்னும் பிறிதொரு கப்பலும் அங்ஙனமே பிளந்தமையின், கடலோரக் காவற்படையின் பெருங்கலங்கள் அதன்பாற் சென்றிருந்தன. ஆகவே சாத்தம் நிலையத்தினின்று 36 அடிப் படகொன்று விடுக்கப்பட்டது. அதனைச் செலுத்த ஏவப்பட்டவர் 23 வயதினராகிய பெர்னார்டு வெப்பர். பிட்ஸ்ஜெரால்டு, லிவ்சி, மாஸ்கி என்னும் மூவரும் தாமே முன்வந்து உடன் சென்றவர். மாஸ்கி அந்நிலையத்தாருமல்லர், தம் பணியிடமாகிய விளக்குக் கப்பலுக்கு மீளக் காத்திருந்தவர்.

துறைவாயில் மணற்றிட்டைக் கடக்கும்போதே அலை மோதி முகப்புக் கண்ணாடி நொறுங்கிற்று, திசைகாட்டியும் ஒழிந்தது. படகு சாயுந்தோறும் பொறி நின்றது. பிட்ஸ்ஜெரால்டு உள்ளே தவழ்ந்து சென்று அதனை மீண்டும் இயக்கினார். ஆணை ஒருவனைக் கரையினின்று புறப்படச் செய்யும். அவ்விருளில் மேற்செல்லச் செய்யுமோ? திரும்பி வந்து, இயலவில்லை என அவர் உரைத்திருப்பின் பழிப்பார் யாவர்?

பிளந்த கலத்தை அடைந்தபின் எழுந்தது இன்னும் அரியதோர் இக்கட்டு. படகு ஏறத்தாழ 12 பேரை மீட்டற்கு அமைந்தது; நூலேணியில் இறங்கினாரோ மேன்மேலும் வந்தனர். கொள்ளளவு நிறைந்தமை கண்டு விலகியிருப்பினும் குற்றமாகாது. ஒருவரையும் விடுவதில்லை, பிழைப்பினும் மாயினும் அனைவரும் ஒருங்கே என வெப்பர் துணிந்தார். 32 பேர் மீட்கப்பட்டனர். எஞ்சிய ஒருவர் ஜார்ஜ் மையர்ஸ்; பிறர் இறங்கத் துணைநின்ற அவர், கலத்திற்கும் படகிற்கும் இடையே நசுங்கி இறந்தார். அவரை ஏவினவர் எவருமிலர்.

பின்னர் வெப்பர்க்குப் பொற்பதக்கமும் ஏனை மூவர்க்கு வெள்ளிப் பதக்கமும் வழங்க மேலோர் கருதினர். தலைமை பூண்டவர்க்கு மிகுதி என்பது உலக வழக்கன்றோ! ஏவப்பட்ட தாமும் விரும்பி வந்த மூவரும் ஒரே படகில் ஒரே இடரை ஏற்றமையின், வேறுபாடு காட்டும் பரிசினைத் தாம் கொள்ளார் என மறுத்துவிட்டார் வெப்பர். நால்வர்க்கும் பொன்னே வழங்கப்பட்டது.