திருவோடு காணாமல் போவதற்கு முன்

அடியார்கள் கதை வரிசையில் நேற்று தில்லைவாழ் அந்தணர்களைப் பார்த்தோம். இன்று திருநீலகண்டக் குயவனார். 63 தனியடியார்களில் முதலில் வைத்துச் சொல்லப்படுகிறவர். அரசரில்லை, அமைச்சரில்லை; மண் பிசைந்து ஓடு வனைந்து, அடியார்களுக்குத் திருவோடு கொடுத்து வந்த ஒரு குடும்பஸ்தர்.

கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இளமையில் ஒரு நாள் அவர் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். மனைவிக்குக் கோபம். நெருங்கி வந்தவரைத் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு, தொடக் கூடாது என்று தடுத்துவிடுகிறாள். அந்த நாமத்தில் உயிரையே வைத்திருந்தவர் அவர். அன்றோடு அவளை மட்டுமல்ல, எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தொடுவதில்லை என்று இருந்துவிட்டார். வீட்டை விட்டு அவர் போகவில்லை. அவளும் பிறந்தகம் போகவில்லை. அவர் சக்கரம் சுற்றினார், அவள் சோறு வடித்தாள். பக்கத்து வீட்டுக்குக்கூட விஷயம் தெரியாது. இருவருக்கும் நரை விழுந்தது, உடம்பு தளர்ந்தது.

அப்புறம்தான் சிவயோகி வருகிறார். ஒரு திருவோட்டைக் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்கிறார். தானே அதை மறைத்துவிட்டு, பிறகு வந்து கேட்கிறார். எடுக்கவில்லை என்றால் மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார். வழக்கு தில்லை அந்தணர் சபைக்குப் போகிறது. மூங்கில் கழியின் இரண்டு நுனியையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். "கழி வேண்டாம், கையைப் பிடி" என்று விடாமல் நிற்கிறார் அந்த யோகி. வேறு வழியில்லாமல் ஊர் கேட்க முழுக் கதையையும் சொல்லிவிட்டு மூழ்குகிறார்கள். எழும்போது இளமையோடு எழுகிறார்கள்.

சிதம்பரத்தில் நடராசர் கோயிலுக்கு மேற்கே இளமையாக்கினார் கோயில் இருக்கிறது. குளமும் இருக்கிறது. முழங்கால் வலிக்கு அங்கே ஒரு முழுக்குப் போடலாமா என்று என்னைக் கேட்ட பெரியவர்கள் உண்டு. போடுங்கள் ஐயா, படி பாசியாக இருக்கிறதா என்று பார்த்து இறங்குங்கள். இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் சிவபெருமானே வந்தாலும் படுக்கைதான்.

என் கண் அந்தக் குளத்தின் மேல் இல்லை. திருவோடு காணாமல் போவதற்கு முன்னால் எத்தனையோ வருடங்கள் போயினவே, அவற்றின் மேல்தான். இந்தக் கதையைப் புராணமாகப் பாடிய சேக்கிழார் அந்த வருடங்களை வேகமாகக் கடந்துவிடுகிறார். புராணத்துக்கு அது சரி. வாழ்கிறவர்களுக்கு அந்த நடுப்பகுதிதான் முக்கால்வாசி வாழ்க்கை. அங்கே அற்புதம் கிடையாது, சபை கிடையாது, சாட்சி கிடையாது. காலையில் எழுந்தால் செய்ய வேண்டியது இருக்கிறது; செய்கிறார்கள். தவம் என்று நான் சொல்வது அதைத்தான்.

எங்கள் தெருவில் ஒரு தம்பதி. அவர் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவு, அந்த அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. இருவருமே ஓய்வு பெற்றாகிவிட்டது. "சாமி, எங்களுக்குப் பாராயணத்துக்கெல்லாம் நேரமே கிடைக்கல. லேபு, மெடிக்கல், ரேஷன், பேங்க், பேரப்பிள்ளை, இதிலேயே பொழுது போயிடுது" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர்கள் பொழுது எப்படிப் போகிறது என்று நானும் கவனித்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவருக்கு ரத்தப் பரிசோதனை. விடியற்காலையில் இருவரும் கிளம்புவார்கள். கையில் ஒரு கட்டைப்பை. அதில் பழைய ரிப்போர்ட்டெல்லாம் அடுக்கிய ஃபைல், ஃபிளாஸ்க்கில் காபி, டிபன் டப்பாவில் இட்லி. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்ததும் லேப் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம். அவர் முதல் வாய் வைக்கும்போது அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "ஏழு இருபது" என்று அந்த ஃபைல் அட்டையிலேயே பேனாவால் குறித்துக்கொள்வார். "என்னங்க, மாத்திரை போட்டீங்களா?" "போட்டாச்சு." "எதைப் போட்டீங்க?" அவருக்கு மாத்திரையின் பெயர் தெரியாது, நிறம்தான் தெரியும். அந்த அம்மாவுக்குப் பெயரும் தெரியும், எத்தனை மில்லிகிராம் என்பதும் தெரியும். அவரது உடம்பை அந்த அம்மா மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார். பாராயணத்துக்கு நேரமில்லை என்றவர் இவர்தான்!

இன்னொரு வேடிக்கை. பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னால் அந்த வீட்டில் பாகற்காய் வாசனை வரும். இனிப்பு நின்றுவிடும், அவர் நடைப்பயிற்சிக்குப் போவார். சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டிலும் அதுதான் போலிருக்கிறது. ஆனால் ஹெச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனை இருக்கிறதே, அதனிடம் இது எடுபடாது. ரத்தத்தில் ஓடும் சர்க்கரை சிவப்பணுவில் இருக்கிற ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த அணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும். ஆகவே இரண்டு மூன்று மாதத்துச் சராசரி அப்படியே எழுதப்பட்டிருக்கும். காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தருக்குக் கோயில் இருக்கிறது. அவர் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன எழுதுகிறார் என்று எனக்கு விளங்கியது இந்த ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான். பிரதோஷத்தன்று நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை அவர் கேட்பதில்லை. பிரதோஷம் இல்லாத நாட்களின் சராசரி என்ன என்றுதான் கேட்பார். திருநீலகண்டர் தேறியது அந்தக் கணக்கில்தான். குளக்கரைப் பரீட்சை ஊருக்குக் காட்டுவதற்காக நடந்தது.

வைத்தீசுவரன்கோயிலைப் பாருங்கள். 4,448 நோய்களையும் தீர்க்கிற வைத்தியநாதராக இறைவன் அங்கே இருக்கிறார் என்பது நம்பிக்கை. அவர் தனியாகவா இருக்கிறார்? தையல்நாயகி தைலப் பாத்திரத்தோடு கூடவே இருக்கிறாள். வைத்தியம் என்று வந்தால் அங்கேயே ஒருவர் போதவில்லை.

அடுத்தது ரேஷன் கடை. அந்த அம்மா விரலை வைப்பார், இயந்திரம் ஏற்காது. புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி வைப்பார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை. "பாட்டி, ரேகையே இல்லையே" என்று கடைப் பையன் அலுத்துக்கொள்வான். இல்லைதான். எத்தனை வருடம் சாக்பீஸ் பிடித்த கை, எத்தனை வருடம் பாத்திரம் தேய்த்த கை! பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் வீட்டுக்காரர் எதுவும் பேசாமல் தன் விரலை நீட்டுவார். அது ஒரே தடவையில் விழுந்துவிடும். கணக்குப் பிரிவில் பேனா மட்டும் பிடித்த விரல், தேயவில்லை. இதைச் சொல்லும்போது இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆண்கள் கொஞ்சம் தலையைக் குனிந்துகொள்ளலாம்.

ஏனென்றால், பணி ஓய்வு என்று மாலை போட்டு அனுப்புகிறார்களே, அந்த மாலை அடுப்படி வரைக்கும் வருவதில்லை. அவர் ஓய்வு பெற்ற மறுநாள் முதல் அவருக்குப் பதினொரு மணிக்கு ஒரு காபி கூடியதே தவிர, அந்த அம்மாவுக்கு எதுவும் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை, மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட வருவார்கள். பெரியவனுக்கு உருளைக்கிழங்கு வறுவல், சின்னவளுக்குப் பருப்பும் நெய்யும், மருமகளுக்கு வத்தக்குழம்பு, இவருக்கு உப்புக் குறைத்து ஒரு கூட்டு. ஒரே அடுப்பில் நாலு விதம். எல்லோரும் எழுந்த பிறகு அந்த அம்மா ரசத்தின் அடிமண்டியை ஊற்றிக்கொண்டு உட்காருவார். பேரன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டானே என்று வருத்தம் வேறு. நாளை மறுநாள் இளையான்குடி மாறனார் கதையைப் பார்ப்போம். மழை கொட்டும் நள்ளிரவில் அடியார் வருகிறார், வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாமே என்று வழி சொன்னது யார்? அவர் மனைவி. மாறனார் வயலுக்கு ஓடினார், கூரை மரத்தை விறகுக்கு வெட்டினார், முற்றாத கீரையைப் பறித்து வந்தார். ஒரே கீரையை விதவிதமாகக் கறி சமைத்தது அந்த அம்மாள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே அவர் கூடத்தில் உட்கார்ந்து சாப்பாட்டுக்குக் காத்திருக்கவில்லை. அன்று ராத்திரி இருவரும் நனைந்தார்கள், இருவரும் புகையில் நின்றார்கள்.

நான் அந்தத் தம்பதிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பாராயணத்துக்கு நேரம் கிடைக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். லேப் பெஞ்சில் அந்த இரண்டு மணி நேரமும் பஞ்சாட்சரம் சொல்ல யாரும் தடுக்கவில்லை. அது தானாக வரும். வராதது வேறு ஒன்று இருக்கிறது, அதைத்தான் சேர்ந்து உட்கார்ந்து பழக வேண்டும்.

திருநீலகண்டரும் மனைவியும் சேர்ந்தே மூழ்கி, சேர்ந்தே எழுந்து, சேர்ந்தே சிவலோகம் போனார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இருக்குமா என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் ஒருவர் முன்னே போவார். மற்றவர் தனியே சமாளிக்க வேண்டும்; பழக வேண்டும் என்றேனே, அது இதைத்தான். இதைச் சொன்னால் "சுவாமி சன்னிதியில் இதெல்லாம் பேசலாமா" என்பார்கள். சன்னிதியில் பேசாமல் வேறு எங்கே பேசுவது? சுடுகாட்டில் ஆடுகிறவன்தானே நம் சாமி.

ஐயா, ஓய்வூதியப் புத்தகம் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று உங்கள் வீட்டம்மாவுக்குத் தெரியுமா? குடும்ப ஓய்வூதியத்துக்கு உங்கள் ஓய்வூதிய ஆணையில் அவங்க பெயர் சரியான எழுத்தில் இருக்கிறதா, பிறந்த தேதி பொருந்துகிறதா? வங்கிக் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறதா? வருடா வருடம் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று நேர்காணல் கொடுக்கப் போகிறீர்களே, ஒரு முறையாவது அவங்களையும் அழைத்துப் போய் அந்த மேசை எது என்று காட்டியிருக்கிறீர்களா?

அம்மா, நீங்களும் கேளுங்கள். அவருடைய மாத்திரைகளை நீங்கள் மட்டுமே மனப்பாடம் பண்ணி வைத்திருக்காதீர்கள். பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். உங்கள் மாத்திரையையும் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அப்புறம், நாளைக் காலையில் சமையலறைக்கு நீங்கள் போகாதீர்கள். மணையைப் போட்டு வாசலில் உட்கார்ந்து குரல் மட்டும் கொடுங்கள். புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு, எப்போது இறக்குவது, எல்லாம் வெளியிலிருந்தே சொல்லுங்கள். ரசம் அவர் வைக்கட்டும். நன்றாக வராது. சாயங்காலம் நான் வந்து இயற்பகையார் கதை சொல்வதற்கு முன்னால், எத்தனை வீட்டில் ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது என்று கைதூக்கச் சொல்வேன்.