விரித்து வைத்த பேரேடு

தன் கணக்கைத் தானே எழுதி, தானே கூட்டி, தானே சரியென்று ஒப்பமிட்டுக் கொள்பவனை உலகம் முழுமையாக நம்புவதில்லை. அவன் பொய்யன் என்பது அதற்குக் காரணமன்று. தன் பிழை தன் கண்ணுக்குப் புலப்படுவது அரிது என்பதே காரணம். நால்வர் முதல் போட்டுக் கூட்டு வாணிபம் நடத்தினால், பேரேட்டை வைத்திருப்பவர் எத்துணை நல்லவராயினும், ஆண்டுக்கொரு முறை ஏனையோர் முன் அதை விரித்து வைப்பதே முறை. அப்படி விரித்து வைப்பது அவருக்கு இழிவா, பெருமையா? சிறு கேள்வி போலத் தோன்றும் இதுவே இன்று நாடுகளுக்கிடையே பெருங்கேள்வியாக எழுந்து நிற்கிறது.

இங்கே கூட்டு முதல் பணமன்று. நம் அனைவர் தலைக்கு மேலும் கவிந்திருக்கும் காற்று மண்டலமே அது. அதற்கு வேலியில்லை, எல்லைக் கல்லும் இல்லை. ஒரு நாட்டின் புகைபோக்கியிலிருந்து எழும் கரியமில வாயு அந்நாட்டு வானத்தோடு நின்று விடுவதில்லை. உலகெங்கும் பரவி, அதில் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் தங்கி, பூமியின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. இலாபம் எரித்தவனுக்கு, நட்டம் எல்லார்க்கும். கடல் மட்டத்துக்குச் சிறிதே மேலாக நிற்கும் மாலத்தீவும் துவாலுவும் இந்தப் பேரேட்டில் எழுதிய செலவு மிகச் சொற்பம். ஆயினும் கடல் உயரும்போது முதலில் கேட்கப்படுவது அவர்களுடைய வீட்டு வாசலைத்தான்.

இதனை உணர்ந்தே 1992ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஐக்கிய நாடுகளின் பருவநிலை மாற்ற உடன்படிக்கையைச் செய்து கொண்டன. 1994இல் அது நடைமுறைக்கு வந்தது. தான் வெளியிடும் வாயுக்களின் கணக்கை ஒவ்வொரு நாடும் தர வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று. தொழில் வளம் பெற்ற நாடுகள் 1990 முதற்கொண்ட கணக்கை ஆண்டுதோறும் அளிக்கும் வழக்கம் அவ்வாறு தோன்றியது.

ஆனால் காற்றை யார் தராசில் வைத்து நிறுப்பது? எரித்த நிலக்கரி எத்தனை டன், ஓடிய வாகனங்கள் குடித்த எண்ணெய் எவ்வளவு, மாடுகள் எத்தனை, நீர் தேங்கிய நெல் வயல்கள் எத்தனை ஏக்கர், குப்பை மேடுகளில் மக்கும் கழிவு எவ்வளவு என்று திரட்டி, ஒவ்வொன்றையும் உரிய விகிதத்தால் பெருக்கி, காடுகள் உறிஞ்சியதைக் கழித்து, இறுதித் தொகை காணப்படுகிறது. ஆகவே கணக்கு பிழைபடுவதற்கு ஒருவன் பொய் சொல்ல வேண்டுவதில்லை. பழைய விகிதம் ஒன்றை மாற்ற மறந்தாலே போதும். மூடிய ஆலை ஒன்றைத் திறந்திருப்பதாக எண்ணினாலே போதும்.

இதனாலேயே அக்கணக்குகளைப் பிற நாட்டு வல்லுநர்கள் ஆராயும் ஏற்பாடு உருவாயிற்று. உடன்படிக்கையின் செயலகம் ஜெர்மனியின் பான் நகரில் உள்ளது. அரசுகள் பரிந்துரைத்த வல்லுநர்களின் பட்டியலிலிருந்து அது குழுக்களை அமைக்கிறது. பரிந்துரைத்தது அரசாயினும், குழுவில் அமர்ந்தபின் அவர்கள் தம் அரசின் குரலாகப் பேசுவதில்லை. தனி மனிதராகவே பணியாற்றுகின்றனர். தம் சொந்த நாட்டின் கணக்கை அவர்கள் தொடுவதில்லை. குழுவின் தலைமை இருவருக்கு உரியது: ஒருவர் செல்வ நாட்டினர்; மற்றவர் வளரும் நாட்டினர். வெளிப்படை, துல்லியம், முழுமை, பிற நாட்டுக் கணக்கோடு ஒப்பிடத்தக்க தன்மை, ஆண்டுக்கு ஆண்டு முறை மாறாத சீர்மை ஆகிய ஐந்து பண்புகளையும் அவர்கள் தேடுகின்றனர். கேள்விகள் போகின்றன, விடைகள் வருகின்றன. வரைவு அறிக்கை முதலில் அந்நாட்டுக்கே காட்டப்படுகிறது. அதன் மறுமொழி கேட்கப்பட்ட பின்னரே இறுதி அறிக்கை உலகறிய வெளியாகிறது. குற்றம் காண்பதிலும் ஒரு நாகரிகம் உண்டு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு அன்றோ!

எனினும் தன்மானமுள்ள ஒரு நாடு அந்நியரை அழைத்துத் தன் பேரேட்டைக் காட்டலாமா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்குக் கிரேக்க நாட்டின் அனுபவம் விடை கூறும். 2007இல் வல்லுநர் குழு ஒன்று ஏதென்ஸ் சென்று பார்த்தபோது, கணக்கெழுதும் பொறுப்பு ஓர் அமைப்பிடமிருந்து மற்றோர் அமைப்புக்கு மாறிக் கொண்டிருந்தது. யார் எழுதுவது, பழைய ஏடுகள் எங்கே, தொடர்ந்து செய்யத் தேர்ந்த ஆட்கள் உண்டா என்ற கேள்விகளுக்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. 2008 ஏப்ரலில், கியோட்டோ நெறிமுறையைச் செயற்படுத்தும் குழு, கிரேக்கம் விதிக்கு இணங்கவில்லை என்று தீர்ப்பளித்தது. வாயு வெளியீட்டு உரிமைகளை விற்கவும் வாங்கவும் அதற்கிருந்த தகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. அந்நாடு தன் ஏற்பாடுகளைச் சீர்செய்து, மீண்டும் சோதனைக்கு உட்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தகுதி திரும்பி வந்தது. இதில் கிரேக்கம் இழந்தது என்ன? ஏழு மாத காலத் தலைகுனிவு. பெற்றதோ பிறர் நம்பத்தக்க ஒரு பேரேடு.

வேறொரு மறுப்பும் எழுகிறது. அது இன்னும் வலியது. நூற்றைம்பது ஆண்டுகள் எரித்துச் செல்வம் குவித்தவர்கள், இப்போதுதான் விளக்கேற்றத் தொடங்கிய ஏழையின் கணக்கைச் சோதிப்பதா? இக்கேள்வியில் நியாயமில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அதனால்தான் 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்பாடு, எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரு முறையை வகுத்தபோதும், ஆற்றல் குறைந்த நாடுகளுக்கு நெகிழ்வு தந்தது. மிக வறிய நாடுகளும் சிறு தீவுகளும் தம் வசதிப்படி அறிக்கை தரலாம் என்று விட்டது. ஆயினும் நாம் மறக்கலாகாத மறுபக்கம் ஒன்றுண்டு. இந்த முறையில் வளரும் நாட்டு அறிஞர் ஒருவர் செல்வ நாட்டு அதிகாரியை நோக்கி, “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று கேட்கிறார், அவர் விடை சொல்லியாக வேண்டும். வலியவனை எளியவன் கணக்குக் கேட்கும் இடங்கள் இவ்வுலகில் மிகச் சில. இந்தியாவும் 2016இல் தன் முதலாவது ஈராண்டு நிலவர அறிக்கையை அளித்து வல்லுநர் ஆய்வுக்கு உட்பட்டது. அதனால் நம் இறையாண்மை குன்றிப் போய்விடவில்லை.

தண்டனை இல்லாத சோதனையால் பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். பாரிஸ் உடன்பாட்டின் சோதனை தண்டிக்காது, உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாது, உதவும் நோக்கமே உடையது என்று அதிலேயே எழுதப்பட்டுள்ளது. ஆனால் சாட்சி ஏட்டில் மட்டும் இருப்பதில்லை. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைமீது, ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், யுங்ஃப்ராயோக் என்னும் ஆய்வு நிலையம் உள்ளது. குளிர்பதன வாயு ஒன்றைத் தயாரிக்கும்போது துணைப்பொருளாகக் கசியும் எச்.எஃப்.சி.-23 என்னும் வாயுவை ஆய்வாளர்கள் அங்கே அளந்தார்கள். கரியமில வாயுவைப் போலப் பல்லாயிரம் மடங்கு வெப்பம் சேர்க்கும் வாயு அது. 2011இல் அவர்கள் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இத்தாலியிலிருந்து வந்த அளவு, அந்நாட்டின் கணக்கில் கண்டதைப் போல் பத்து முதல் இருபது மடங்கு வரை இருந்தது. ஏட்டில் ஏறாதது காற்றில் எழுதப்பட்டிருந்தது!

இனி நம் சிந்தனைக்குரிய முடிச்சுக்கு வருவோம். கணக்கு சரியாயிருப்பது வேறு. நடத்தை சரியாயிருப்பது வேறு. கனடா கியோட்டோ நெறிமுறையின்கீழ், 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து நூற்றுக்கு ஆறு குறைப்பதாக வாக்களித்தது. குறைக்கவில்லை, வெளியீடு மேன்மேலும் கூடிற்று. அதை அந்நாட்டின் கணக்கே மறைக்காமல் சொல்லிற்று. 2011 டிசம்பரில் அது நெறிமுறையிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. பேரேடு பொய் சொல்லவில்லை, வாக்குத்தான் பொய்த்தது.

அத்துடன், பாரிஸ் உடன்பாட்டுக்காக 2018இல் காட்டோவிட்சே நகரில் வகுத்த விதிகள், ஒரு நாடு தானே வகுத்துக் கொண்ட இலக்கு போதுமானதா என்று ஆராயக் கூடாதென வல்லுநர்களைத் தடுத்துள்ளன. எண் சரியா என்று அவர்கள் கேட்கலாம். உன் முயற்சி நியாயமானதா என்று கேட்கலாகாது. உலகத்துக்கு மிக வேண்டிய கேள்வி எதுவோ, அதுவே அவர்கள் நாவுக்கு விலக்கப்பட்டிருக்கிறது.

இதைக் கண்டு இம்முறையே வீண் என்று முடிவு செய்வது அவசரம். ஒருவனுடைய கணக்கு பிழை; அவன் காட்டித் திருத்திக் கொள்கிறான். மற்றொருவன் கணக்கு சரி. அவன் நடத்தை பிழை. மூன்றாமவன் பேரேட்டையே மூடி வைத்து விடுகிறான். இம்மூவரையும் நாம் ஒரே தட்டில் வைக்கலாகாது. முதலாமவன் மதிக்கத் தக்கவன். இரண்டாமவனுக்கு இன்னும் வழி உண்டு. அவன் கையாலேயே எழுதிய ஏடு அவன் மனச்சான்றை ஒருநாள் தட்டி எழுப்பக் கூடும். மூன்றாமவனிடமோ பேசுவதற்குக் கூடப் பொதுவான சொல் இல்லாது போகிறது. உலகில் இதுகாறும் மிகுதியான கரியமில வாயுவை வெளியிட்ட நாடு அமெரிக்கா. ஆண்டுதோறும் கணக்களித்து வந்த அந்நாடு, 2025 ஏப்ரலில் தர வேண்டிய கணக்கை உரிய நாளில் தரவில்லை. அச்செய்தி நம்மைக் கலங்கச் செய்வது இதனாலேயே.

ஆகவே உண்மை உரைப்பது கடமையின் முடிவன்று, அதன் வாசற்படி. படியேறியவர் எல்லாரும் வீட்டுக்குள் புகுந்தவர் ஆகார். ஆனால் படியேறாமல் புகுந்தவர் எவருமில்லை. வல்லுநர்கள் தம் வேலையைச் செய்து, சரிபார்த்த எண்களை உலகின் முன் வைத்து விட்டுப் போகிறார்கள். அவர்கள் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கும் உரிமை, எந்த விதியாலும் தடுக்கப்படாமல், அந்தந்த நாட்டு மக்களிடம் இருக்கிறது. “இவ்வளவு எரித்தோம் என்று ஒப்புக் கொண்டீர்கள், இது நியாயந்தானா?” என்று அவர்கள் கேட்க வேண்டும்.

காற்று நம் பாட்டனார் தேடி வைத்த சொத்தன்று. பின்வருவோர்க்காக நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதப் பொருளை வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்பது அவமதிப்பாகாது. கேட்கும் முன்பே கணக்கை எடுத்து வைப்பவரே அதற்குத் தகுதியானவர்.