பந்தியில் ஓர் இடம்



விவிலியத்தில் வரும் மெபிபொசேத்து பிறவியிலேயே முடவன் அல்லன். தந்தை யோனத்தானும் பாட்டன் சவுலும் போரில் மாண்ட செய்தி வந்தபோது அவனுக்கு வயது ஐந்து. செவிலித்தாய் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓட்டத்தில் பிள்ளை விழுந்தான், கால்கள் போயின. 2006 ஓகஸ்டில் போருக்குத் தப்பி மூதூரை விட்டுப் பிள்ளைகளைச் சுமந்து ஓடியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பல ஆண்டுகள் கழித்து அரசர் தாவீது அவனைத் தேடி அழைத்து, தம் புதல்வருள் ஒருவனைப் போலப் பந்தியில் அமர்த்தினார். கால்கள் குணமாகவில்லை. இதைச் சொல்லும் விவிலிய அதிகாரம் முடியும்போதும் அவன் இரு கால்களும் ஊனமானவன்தான். நம் ஆண்டவர் முடவரை நடக்க வைத்தார். அந்த வரம் நமக்குக் கிடைக்காமல் போகலாம். தாவீது செய்ததை நாம் எல்லாரும் செய்யலாம்.

சென்னையில் வித்யாகர் என்பவர் அதைச் செய்தார். திரையரங்கு ஒன்றில் விட்டுப்போன கைக்குழந்தையை ரிக்‌ஷாத் தொழிலாளி ஒருவர் அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார். 1983இல் ‘உதவும் கரங்கள்’ அப்படித்தான் பிறந்தது. பின்னர் உடல் ஊனமுற்றவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள், எச்.ஐ.வி. தொற்றோடு வந்தவர்கள் என்று குடும்பம் பெருகியது. திருமணம் செய்யாத அவரைப் பிள்ளைகள் ‘பப்பா’ என்றே அழைக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்களைப் புகழ நமக்கு வாய் வலிக்காது. ஆனால் அவர்கள் வீட்டு இரவை நினைத்துப் பாருங்கள். தானாகப் புரள முடியாத பிள்ளையைப் படுக்கைப்புண் வராமல் நேரத்துக்கு நேரம் புரட்டிவிட வேண்டும். வலிப்பு மாத்திரை ஒரு வேளை தவறக்கூடாது. சோற்றைக் குழைத்து, புரையேறாமல், கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டும் தாய்க்கு நாற்பதிலேயே இடுப்பு போய்விடுகிறது. ஒரு பிள்ளைக்கே இப்படியென்றால், விரும்பி ஐந்தாறு பேரை ஏற்றுக்கொண்டவர்களின் நாள் எப்படிப் போகும்?

அதற்கு மேல் நம் வாய்களும் இருக்கின்றன. “யார் செய்த பாவமோ” என்கிறோம். பார்வையற்றவனைக் குறித்துச் சீடர்களும் அதைத்தான் கேட்டார்கள். அவனும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்று ஆண்டவர் மறுத்துவிட்டார். “பெறாத பிள்ளைக்கு ஏன் இந்தப் பாடு” என்றும் கேட்கிறோம். தாவீதின் வழிவந்த யோசேப்பு தாம் பெறாத குழந்தைக்குப் பெயரிட்டு, மகனாக ஏற்றுக்கொண்டார். இயேசு தாவீதின் மகனானது அந்த ஏற்பினால்தான். வளர்ப்புப் பிள்ளையை இரண்டாந்தரமாக எண்ணுகிறவர்கள் மத்தேயுவின் முதல் அதிகாரத்தை மீண்டும் வாசிக்கட்டும்.

பூசை நேரத்தில் இப்படியொரு பிள்ளை சத்தமிட்டால் பத்துத் தலைகள் திரும்புகின்றன. தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறாள். சில மாதங்களில் கோயிலுக்கு வருவதையே விட்டுவிடுகிறாள். இது என்னை மிகவும் வருத்துகிறது. அந்தச் சத்தம் என் பிரசங்கத்தைக் குழப்பவில்லை. அவர்கள் முன் வாங்கிலேயே இருக்கட்டும்.

இப்பெற்றோர் எல்லாரையும் வாட்டும் கேள்வி ஒன்றுதான்: எங்களுக்குப் பிறகு யார்? திருமுழுக்கின்போது அந்தப் பிள்ளைகளுக்காக நின்ற ஞானப்பெற்றோர் உங்களுள் இருக்கிறீர்கள். இந்த வாரம் போங்கள். பழங்களைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பாதீர்கள். எப்படி ஊட்டுவது, எப்படிப் புரட்டுவது, எந்த மாத்திரை எப்போது என்று கேட்டுப் பழகுங்கள். ஒரு பின்னேரம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாய் தூங்கட்டும்.