ஆகாய விமானத்தில் நோன்பு திறக்கும் நேரம்



ரமலானின் கடைசிப் பத்து வந்துவிட்டால், நோன்புப் பெருநாளுக்கு ஊர் போகும் வியாபாரிகள் நம்மில் அநேகர். மஸ்ஜித் இந்தியாவிலோ கிள்ளானிலோ கடைச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் சென்ட்ரல் நிலையத்தில் ரயிலேறி, சிப்பாங் விமான நிலையம் போய்ச் சேருகிறோம். நம் முன்னோர் ரஜூலாக் கப்பலில் நாட்கணக்கில் கடந்த கடலைத் திருச்சி விமானம் சுமார் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. தூரம் ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் இந்த நான்கு மணிக்குள் ஒரு மஸ்அலா இருக்கிறது.

மாலை ஐந்தரைக்குப் புறப்பட்ட நோன்பாளிக்குக் கைக்கடிகாரம் ஏழரை காட்டுகிறது. கோலாலம்பூரில் பாங்கு சொல்லி, கஞ்சியும் குடித்திருப்பார்கள். அவரும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்கிறார். ஜன்னலில் பார்த்தால் சூரியன் நிற்கிறது!

காரணம் இதுதான். விமானம் மேற்கே போகிறது. சூரியனும் மேற்கே போகிறது. சூரியன் மணிக்கு 15 பாகை நகரும். கோலாலம்பூருக்கும் திருச்சிக்கும் இடையே 23 பாகை. எனவே திருச்சியில் சூரியன் சுமார் ஒன்றரை மணி நேரம் பிந்தி மறைகிறது. இரு நாட்டுக் கடிகாரங்களுக்குமோ இரண்டரை மணி வித்தியாசம்! கடிகாரம் மனிதர் பேசி வைத்துக்கொண்டது. 1982 ஜனவரி முதல் தேதி இந்நாட்டில் அதை அரைமணி முன்னே தள்ளிவைத்தார்களே, சூரியன் தள்ளிப் போயிற்றா?

இரவு வரை நோன்பைப் பூர்த்தி செய்யும்படி குர்ஆன் கட்டளையிடுகிறது. சூரியன் மறைந்தால்தான் நோன்பு திறக்கும் நேரம் என நபிகள் நாயகம் (ஸல்) விளக்கியிருக்கிறார்கள். ஆகவே பிரயாணி இருக்கும் இடத்தில் அவர் கண்ணுக்குச் சூரியன் மறைய வேண்டும். புறப்பட்ட ஊரின் நேரமும் செல்லாது, கீழேயுள்ள ஊரின் நேரமும் செல்லாது. உயரத்தில் சூரியன் இன்னும் சில நிமிடம் கூடுதலாகத் தெரியும். மேற்சொன்ன நோன்பாளி இன்னும் நெடுநேரம் பொறுக்க வேண்டிவரும். சூரியனைக் கண்டுகொண்டே தின்றால் அந்த நோன்பு போயிற்று. களாச் செய்தாக வேண்டும். மஃரிபுத் தொழுகைக்கும் இதுவே நேரம்.

"பிரயாணிக்குச் சலுகை உண்டே?" என்பீர்கள். உண்டு. ஆனால் ஊரில் இருந்தபடி நோன்பு பிடித்து, சுப்ஹுக்குப் பிறகு புறப்பட்டவர் அன்றைய நோன்பை முடிக்கத்தான் வேண்டும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளின் தீர்ப்பு. சுப்ஹுக்கு முன்பே ஊர் எல்லையைத் தாண்டியவர் நோன்பை விட்டுப் பின்னால் களாச் செய்யலாம்.

திரும்பி வரும்போது கதை நேர்மாறு. கிழக்கே வரும் விமானத்தில் சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும். திருச்சி நேரம் வரட்டும் என்று காத்திருப்பது பேணுதல் அல்ல. மறைந்த உடனே திறப்பதே சுன்னத்து.

பெட்டியின் எடையை மூன்று தரம் நிறுத்துப் பார்க்கும் நாம், ஜன்னலை ஒரு தரம் பார்க்கச் சோம்பலாமா? ஓரத்து இடம் கிடைக்காதவர் அங்கே இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். சாப்பாடு முன்கூட்டி வந்தால், பணிப்பெண்ணிடம் சொன்னால் எடுத்து வைத்துப் பிறகு தருவார்கள்.